அம்மாவின் பூவைக் கழற்றச் சொன்ன மருத்துவமனை நிர்வாகத்துக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் கட்டடப் பராமரிப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம். உங்கள் ஐந்தாம் மாடி ரத்தப் புற்று வார்டில் 41 நாள் படுத்திருந்த ஒருவனின் அக்கா நான். வார்டு வராந்தாவில் மறைப்பே இல்லாமல் சுவர் இடித்ததைப் பற்றி இரண்டு முறை எழுதி, வரவேற்பறையில் இருக்கும் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

வார்டு வராந்தாவில் சுவர் இடித்த அந்த மூன்று நாள் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நாள் காலை அம்மா திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார்: "பூ உள்ள போகக் கூடாதும்மா, பேஷண்டுக்கு ஆகாது." அம்மா ஒரு பேச்சும் பேசாமல் பூவைக் கழற்றிச் செருப்பு வைக்கும் தட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். விதி சரியான விதி. பூ, தொட்டிச் செடி, மண் எல்லாவற்றிலும் பூஞ்சை வித்துகள் இருக்கும். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அதே வாசலிலிருந்து பத்தடி தள்ளி மூன்று பேர் டிரில் போட்டுப் பழைய சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பால்ஸ் சீலிங்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இடையில் ஒரு தார்ப்பாய்கூடக் கிடையாது.

அன்று என் தம்பியின் வெள்ளணு கவுண்ட் 80. உங்கள் ஆய்வகம் கொடுத்த எண்தான். கிருமியை எதிர்க்கும் அந்த வெள்ளணுக்கள் 500-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று உங்கள் டாக்டர்தான் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் பெயரையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். அது எங்கும் இருக்கிறது: மண்ணில், ஈரச் சுவரில், பால்ஸ் சீலிங்குக்கு மேலே வருஷக்கணக்காகப் படிந்த தூசியில். அதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. நீங்களும் நானும் தினமும் அதை மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலில் இருக்கும் காவலர்கள் தின்று தீர்த்துவிடுவார்கள். கீமோ முடிந்த பத்துப் பதினைந்து நாளில் என் தம்பியிடம் அந்தக் காவலர்கள் இல்லை. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தருவது வேடிக்கைதான்.

தண்ணீர்ச் சொம்பின் மூடியில் மாவு சலித்த மாதிரி வெள்ளையாகப் படிந்தது. நான் அவனுடைய லுங்கியை நனைத்துக் கதவின் அடியில் திணித்தேன். அது காயக் காய மறுபடி நனைத்தேன். ஒரு சிஸ்டர் யாருக்கும் தெரியாமல் ஒரு பிளாஸ்டர் சுருளைக் கையில் கொடுத்தார், கதவின் பக்கச் சந்துகளில் ஒட்டினேன். சாப்பாடு வரும்போது பிரிப்பது, அப்புறம் மறுபடி ஒட்டுவது. அம்மா முந்தானையால் அவன் முகத்துக்கு நேரே விசிறப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். விசிறினால் தூசி கிளம்பும் என்று பயம். மூன்று நாளும் அந்த அறைக்குள் நாங்கள் இப்படித்தான் இருந்தோம்.

மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். அவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார், அவருக்கும் யாரும் மாஸ்க் கொடுத்திருக்கவில்லை. "உள்ள யாரு படுத்திருக்காங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். சொன்ன பிறகு அவராகவே ஒரு சிமென்ட் சாக்கைப் பிரித்து எங்கள் கதவோரம் தொங்கவிட்டார். மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே தடுப்பு அந்தச் சாக்குதான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்கவில்லை. இருமலில் கொஞ்சம் ரத்தம். சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி, சுற்றிலும் மங்கலாக ஒரு வளையம். ரத்தப் பரிசோதனையும் பூஞ்சைதான் என்றது. வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். மருந்து ஏறிய அரை மணி நேரத்தில், "அக்கா, சுவர் ஏன் பச்சையா இருக்கு" என்று கேட்பான். அது மருந்தின் வேலை, போய்விடும் என்று சொன்னார்கள், போய்விட்டது. ஆனால் அடுத்த சுற்று கீமோ ஐந்து வாரம் தள்ளிப்போனது. பூஞ்சை ஆறும்வரை கீமோ கொடுக்க முடியாது, ரத்தப் புற்று அதுவரை சும்மா காத்திருக்காது. அந்த ஐந்து வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

உங்கள் சுவரால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வித்து எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் வராமல் இருக்கச் செய்ய வேண்டியதைச் செய்தீர்களா என்று கேட்க எனக்கு நிரூபணம் தேவையில்லை. கட்டட வேலை நடக்கும்போது இப்படிப்பட்ட நோயாளிகளைத் தூசியிலிருந்து எப்படிக் காக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2003-லேயே வழிகாட்டுதல் எழுதிவிட்டது. தரையிலிருந்து கூரைவரை தடுப்பு, வார்டுக்குள் தூசிக் காற்று வராதபடி காற்றழுத்தம், அறையை விட்டு வெளியே அழைத்துப் போனால் என்-95 மாஸ்க். காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் எல்லா அறைக்கும் போட முடியாது என்றால் புரிந்துகொள்கிறேன். நான் கேட்பது அதுகூட இல்லை. ஒரு தார்ப்பாய், ஒரு நாள் முன்னறிவிப்பு.

கீழ்த்தளத்தில் உங்கள் காபிக் கடையைப் புதுப்பித்தபோது பிளைவுட் பலகையால் மேலிருந்து கீழ்வரை அடைத்து, "விரைவில் புதுப்பொலிவுடன்" என்று படமும் ஒட்டியிருந்தீர்கள். ஒரு துளி தூசி வெளியே வரவில்லை. காபி குடிப்பவர்களின் நுரையீரல் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறையைப் பாராட்டுகிறேன்.

2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊரே பூஞ்சை பற்றிப் பேசியது. தமிழ்நாடு அரசு அதை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, ஆம்போடெரிசின் ஊசிக்கு ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அது வேறு பூஞ்சை, சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் வந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. முதல் வரிசையில் நான்கு, அதில் ஒன்று ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். நாமோ கொரோனா அடங்கியதும் பூஞ்சையையும் மறந்துவிட்டோம். ஐந்தாம் மாடி ஜன்னல் ஏ.சி. மேல் புறா கூடு கட்டியிருக்கிறது, அதன் எச்சத்திலும் பூஞ்சை உண்டு. அதைப் பற்றியும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அதை விடுங்கள், எங்கேயோ போகிறேன். கோபத்தில் எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டர்களும் சிஸ்டர்களும்தான் அவனைப் பிழைக்கவைத்தார்கள், அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

கேட்பது இவ்வளவுதான். அந்த மாடியில் ஓர் ஆணி அடிப்பதாக இருந்தாலும் முந்தின நாளே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள், கவுண்ட் இறங்கியவர்களை வேறு பக்கம் மாற்ற அவர்களுக்கு நேரம் கிடைக்கும். உடைக்கும் இடத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். உலர்ந்த விளக்குமாறு வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், கூடவே ஒரு மாஸ்க்கும் கொடுங்கள்.

வரும் 14-ம் தேதி தம்பி அடுத்த சுற்றுக்கு அதே வார்டில் சேர்கிறான். போன வாரம் வந்தபோது ஐந்தாம் மாடி லிஃப்ட் பக்கத்தில் புது டைல்ஸ் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். அந்த வேலை என்றைக்கு என்று மட்டும் தயவுசெய்து யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவனின் அக்கா