குடும்பக் கோப்புகளும் ஒற்றைப் பிரதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும் நெடுங்காலம் காக்க எதை வாங்கலாம் என்று கேட்டால், கடையில் ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து நீட்டுகிறார்கள். எத்தனை பிரதிகள், அவை எங்கெங்கே இருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2004-இல் நடந்த என் மகளின் திருமணப் படங்களை ஸ்டூடியோவில் சிடியில் பதிந்து தந்தார்கள். உறையோடு பீரோவிலேயே இருந்த அதை அண்மையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, வெள்ளிப் பூச்சில் ஊசித்துளைகள் தெரிந்தன. முகூர்த்தப் படங்களில் பாதி திறக்கவே இல்லை. அத்தகைய சிடியில் தகவலைத் தாங்கும் சாயப் படலம் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெடக்கூடியது. எங்கள் கடலோர ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. ஹார்டு டிஸ்க் சுழலும் பாகங்களைக் கொண்டது, ஒருமுறை கீழே விழுந்தாலே போதும். பென் டிரைவிலோ தகவல் மின்னூட்டமாக இருப்பதால், ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அது மெல்லக் கசிந்துவிடலாம்.

இணையச் சேமிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. படங்களுக்கு அளவில்லா இலவச இடம் தந்த கூகுள், 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை 15 ஜிபி வரம்புக்குள் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்குக்குரியவர் காலமாகி, கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரியாதபோது என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோப்பு கெடாமலேயே படிக்க முடியாமல் போவதும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நான் தட்டச்சு செய்த கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிகின்றன. அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்ற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளம் மூழ்கியதை நினைத்தால், ஒரே வீட்டில் மூன்று பிரதி வைப்பதும் ஒன்று வைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது ஒரு டிஸ்க் என்னிடமும், இன்னொன்று கோவையில் மகளிடமும், மூன்றாவது பிரதி இணையத்திலும் இருக்கின்றன. போகியன்று பழைய சாமான்களை ஒதுக்கும்போதே, டிஸ்க்கைச் செருகி இருபது கோப்புகளையாவது திறந்து பார்க்கிறேன். பொங்கலுக்கு வரும் மகள் புதிய படங்களைத் தன் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
நாகப்பட்டினம்.