கயிறு கட்டிய காலி நிலம்: திருவிழா நிர்வாகத்துக்கும் முகாம் குழுத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாம் மைதானப் பொறுப்பாளர்களுக்கும், ஆண்டுதோறும் அங்கே கொடி நாட்டிப் பந்தலிடும் குழுக்களின் தலைவர்களுக்கும் வணக்கம்.

இம்மடலின் ஆங்கிலப் படியைத் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே சேர்த்துவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டியைப் பார்த்து மயங்கி, இரவும் அங்கேயே தங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் பல உள்ளன. பழைய ஐரோப்பாவின் உடையும் வேடமும் ஆட்டமுமாக நடக்கும் இந்த மறுமலர்ச்சிக் காலத் திருவிழாவுக்கு ('ரெனசான்ஸ் ஃபேர்') அவர்கள் முதன்முறை கூடாரத்தோடு புறப்படும்போது, எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக் கூடாது.

கடந்த அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை மாலை நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மறுநாள் காலையில் நான் எழுதிக் கொடுத்த புகாரைத் தங்கள் அலுவலகச் சாளரத்தில் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பின் இன்று வரை ஒரு வரிப் பதிலும் வரவில்லை. ஆகவே முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வார இறுதி முகாமுக்கான கட்டணத்தை ஆகஸ்டு மாதமே செலுத்தியிருந்தோம். வாயிலில் கைப்பட்டை கட்டிவிட்ட தன்னார்வலர், "காலியாக இருக்கும் இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு அனுப்பினார். அப்போது மணி ஆறரை. நால்வர் படுக்கும் கூடாரமும், படுக்கைப்பைகளும், தண்ணீர்க் கேனும் ஏற்றிய மடக்கு வண்டியை என் பதினான்கு வயது மகள் இழுத்து வந்தாள். உள்ளே போனால், மரநிழல் உள்ள நிலம் முழுவதும் மஞ்சள் நைலான் கயிற்றால் வளைக்கப்பட்டிருந்தது. பாதிக்கு மேற்பட்ட வளையங்களுக்குள் புல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு வளையத்திலும் முன்கூட்டியே வந்த ஒருவர் ஒரு மடக்குப் பந்தலும் ஒரு கொடியும் நட்டுவிட்டு, பின்னால் வரப்போகும் தம் குழுவினருக்காகக் காவலிருந்தார். ஏழு இடங்களில் கேட்டோம். ஏழு இடங்களிலும் மரியாதையாகவே மறுத்தார்கள். மூன்றாவது இடம் வரை என்னோடு சேர்ந்து கேட்ட மகள், நான்காவது இடத்திலிருந்து வண்டியோடு பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள். யாரோ ஒருவர் வீட்டுக்கு அழையாமல் போய் நிற்கிறவர்களின் கூச்சம் அவள் முகத்தில் தெரிந்தது. கட்டணம் செலுத்திய மைதானத்தில் ஒரு பிள்ளை அப்படி நிற்க வேண்டி வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இருட்டிய பிறகு, கணுக்கால் உயரத்தில் கட்டியிருந்த ஒரு கயிறு கண்ணுக்குத் தெரியாமல் தடுக்கி விழுந்தேன். உள்ளங்கை இரண்டும் சிராய்ந்தன. கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது தற்காலிகக் கழிப்பறை வரிசைக்கும் ஒரு ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்த சரிவு. களிமண் காய்ந்து இறுகிக் கிடந்ததால் முளைகள் இறங்காமல் வளைந்தன. கழிப்பறைக் கதவுகள் சுருள்வில் இழுத்து அறையும் சத்தம் விடியும் வரை நிற்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அதனால்தான் ஆட்கள் உறங்கும் இடத்திலிருந்து ஜெனரேட்டரைக் குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும் என்று இந்நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நான் காலடி வைத்து அளந்து பார்த்தேன். கூடார வாசலிலிருந்து 11 அடிதான் இருந்தது. நகர்த்த வேறு இடமில்லை. கூடாரத்தின் அந்தப் பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தைத் திறந்து வைத்து, கையில் டார்ச்சோடு வாசலில் உட்கார்ந்து இரவைக் கழித்தேன். குடித்துவிட்டு வழிதவறி வந்த இருவர் எங்கள் கூடாரத்தைத் தங்களுடையது என்று எண்ணித் திறக்க முயன்றார்கள். அதற்குப் பின் மகள் காலணியைக் கழற்றாமலே படுத்தாள்.

காலையில் நடந்ததுதான் என்னை இம்மடல் எழுத வைத்தது. முந்தைய மாலை எங்களை மறுத்த ஏழு குழுக்களில் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், எங்களைப் பார்த்துவிட்டு இரண்டு குவளைச் சூடான ஆப்பிள் சாற்றோடு வந்தார். விவரம் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "எங்களில் இரண்டு குடும்பங்கள் இவ்வாண்டு வரவில்லையே அம்மா, அவர்கள் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. உங்களைப் போன்றவர்கள் வருகிறார்கள் என்று செப்டம்பரில் தெரிந்திருந்தால் சாப்பாட்டுப் பட்டியலிலேயே உங்கள் பெயரைச் சேர்த்திருப்போம்" என்றார். காவலிருந்த இளைஞருக்கு அது தெரியாது. யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் காலி இடத்தை அவரோடு போய்ப் பார்த்தேன். ஓக் மரத்தடி, சமதரை, எங்கள் சரிவிலிருந்து முப்பது நாற்பது காலடி தூரம். இரவு முழுவதும் அது அப்படியே கிடந்திருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். புதியவர்களை ஏற்க விரும்பும் குழுக்கள் எவை என்பதைத் திருவிழா தொடங்குவதற்கு முன்பே கேட்டு எழுதி, கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பட்டியலைக் கொடுங்கள்; வெள்ளிக்கிழமை மாலை அதையே வாயிலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு குழுவும் எவ்வளவு பங்குத் தொகை கேட்கிறது, சமையல் பொதுவா தனியா, பாத்திரம் கழுவவும் விறகு சுமக்கவும் முறை உண்டா, பிள்ளைகளோடு வரலாமா, இரவு எத்தனை மணிக்குப் பாட்டும் கூத்தும் அடங்கும், கூடாரம்கூடப் பழங்காலப் பாணியில் இருந்தாக வேண்டுமா என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். விடிய விடிய மத்தளம் கொட்டும் குழுவில் என் மகளோடு போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை. அந்தக் குழுவுக்கும் எங்களால் தொல்லை. இதை முன்பே அறிந்துகொள்ள வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

குழுக்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே அடுப்பு, ஒரே தீயணைப்பான் என்று பகிர்ந்துகொள்வதால்தான் முகாம் வாழ்க்கை இனிக்கிறது. ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் கணப்பைப் பார்த்துக்கொள்வார். தனியாக வரும் பெண்ணுக்கு நாலு பேர் துணையிருப்பார்கள். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த பந்தலையும் விரிப்புகளையும் முன்பின் அறியாதவர்களுக்குத் திறந்துவிடத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. இரு தரப்பாரிடமும் பணம் வாங்கிக்கொண்டு, உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருட்டில் விட்டுவிடுவது நியாயமாகாது.

இது நடக்காத காரியம் என்றும் யாரும் சொல்ல முடியாது. பழைய ஐரோப்பிய வாழ்க்கையை உடையோடும் விளையாட்டோடும் மறுபடி வாழ்ந்து பார்ப்பவர்களின் அமைப்பான, 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்த 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசத்தை'த் தாங்கள் நன்கு அறிவீர்கள். தங்கள் குழுத் தலைவர்களில் சிலரே அதன் உறுப்பினர்களாக இருக்கக்கூடும். அதன் ஊர்க் கிளைகளில் 'ஷாட்டலைன்' என்று ஒரு பொறுப்பு உண்டு. புதிதாக வருபவரை வரவேற்று, யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்லி, உரிய குழுவோடு சேர்த்துவிடுவதே அவர் வேலை. உடை இல்லாமல் வருபவருக்கு இரவல் கொடுப்பதற்கென்றே 'கோல்ட் கீ' என்ற பெயரில் ஒரு பெட்டித் துணி வைத்திருப்பார்கள். 1972 முதல் அவர்கள் பென்சில்வேனியாவில் நடத்தும் பென்சிக் போர் விழாவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து கூடாரமடிக்கிறார்கள். அங்கே குழுக்கள் தம் ஆட்களின் எண்ணிக்கையை முன்பதிவு செய்து அதற்கேற்ப நிலம் பெறுகின்றன. அவர்கள் தன்னார்வலர்களை வைத்தே இதைச் செய்கிறார்கள் என்றால், கட்டணம் வாங்கி நடத்தும் தாங்கள் ஒரு பட்டியலும் ஒரு பலகையும் வைக்க முடியாதா?

இந்தத் திருவிழாக்களின் தொடக்கமே வரவேற்பில்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பித்த ஃபிலிஸ் பாட்டர்சன் என்ற ஆசிரியை, 1963-இல் கணவரோடு சேர்ந்து ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்தியதுதான் முதல் விழா. அங்கிருந்து வளர்ந்து வந்த ஒரு விழாவில், பிள்ளையோடு வந்தவளுக்கு ஒதுங்க இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது குழுவில் ஒருவர் என் மகளின் பாவாடையைப் பார்த்து, "இது இந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாதே" என்றார். அவள் பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையை வெட்டி, மூன்று வாரம் கையாலேயே தைத்த பாவாடை அது. தாங்கள் மேடையில் காட்டும் எலிசபெத் அரசி வாழ்ந்த அதே 16-ஆம் நூற்றாண்டில், மயிலாப்பூர் சாந்தோமில் குடியேறியிருந்த போர்த்துகீசியர் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளைக் கப்பலேற்றி மலாக்கா வரை விற்றுக்கொண்டிருந்தார்கள். கடற்கொள்ளையர் வேடத்துக்கும் வனதேவதைச் சிறகுக்கும் இடம் கொடுக்கிற மைதானத்தில், அந்தக் காலத்தில் கடல் கடந்த துணிக்கு மட்டும் இடமில்லையா? அவள் அதற்குப் பதில் பேசவில்லை. மறுநாள் அந்தப் பாவாடையை உடுத்தவும் இல்லை.

கேட்க வந்ததை விட்டு வேறு பேசிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் சேர்ந்துகொள்ள ஒரு குழு இருந்திருந்தால், அந்தச் சொல்லுக்கு யாராவது ஒருவர் எங்களுக்காக மறுமொழி சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

குழுத் தலைவர்களே, இவ்வாண்டு தங்கள் வளையத்துக்குள் எத்தனை கூடாரத்துக்கு இடம் மிஞ்சும் என்பதைத் தயவுசெய்து ஆகஸ்டு மாதத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். வராதவர்களின் இடத்தை வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் கயிறு கட்டி வைக்காதீர்கள். காவலிருப்பவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். நிர்வாகத்தாரே, அந்த விவரங்களைத் தொகுத்துப் பட்டியலாக்கி எங்கள் கையில் கொடுங்கள். எந்தக் குழுவிலும் சேர விரும்பாதவர்களுக்கென ஜெனரேட்டரிலிருந்து தள்ளி, விளக்கு வெளிச்சம் உள்ள ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கித் தாருங்கள். தொகுக்க ஆளில்லை என்றால் நானே வருகிறேன். குழுத் தலைவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி எழுதித் தர எனக்கு நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பலகையருகே நின்று, வண்டியிழுத்து வருபவர்களை உரிய இடத்துக்கு அழைத்துப் போகவும் அணியமாக இருக்கிறேன்.

முன்பதிவு தொடங்குவதற்கு முன் ஒரு பதில் எழுதுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டும் போவோமா என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தங்கள் பதில் வந்த பின் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கழிப்பறை வரிசைக்குப் பக்கத்துச் சரிவில் மகளோடு ஓர் இரவு விழித்திருந்த தாய்