மெஸ் போர்டும் மூன்று ‘ம’வும்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கோமதி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டித் தீர்த்துவிடு, அப்புறம் படி. அத்தைக்கு முட்டி வலி தேவலையா? வெங்கிட்டு இன்னும் அதே ஸ்கூட்டர்தானா?

உங்கள் மெஸ்ஸின் பழைய போர்டு படம் வந்தது. பிரிண்டிங் கடையில் “இதே ஃபான்ட்டில் புதுசு அடிச்சுக் கொடுங்க” என்று கேட்டாயாமே! அது ஃபான்ட்டே இல்லை, தாயே. ‘மீனாட்சி மெஸ், மாட்டுங்கா’வில் வரும் மூன்று ‘ம’வையும் பெரிதாக்கிப் பார். மூன்றும் மூன்று அகலம். ஃபான்ட் என்றால் அச்சு மாறாது. இது பெயின்டர் கை. ‘னா’வில் கால் தனியாக நிற்காமல் கீழே சுழித்துச் சேர்கிறதே, அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அதனால் போர்டும் அதற்கு முந்தியது என்று சத்தியம் செய்யாதே, பழகிய கைகள் பிறகும் அப்படித்தான் எழுதின.

கீழே ‘மீல்ஸ் ரெடி’ என்று இங்கிலீஷில் இருப்பது மட்டும் ஃபான்ட், பிற்பாடு ஒட்டிய ஸ்டிக்கர். கேப்பிடல் ‘ஆர்’ காலைப் பார்: வளைந்து செங்குத்தாக இறங்கினால் ஹெல்வெட்டிகா (1957), நேர்கோடாகச் சாய்ந்தால் ஏரியல் (1982). ‘எஸ்’ நுனிகள் மட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் ஹெல்வெட்டிகா, சாய்ந்திருந்தால் ஏரியல். உன்னுடையது ஏரியல், அதுவும் இடத்தை நிரப்பப் பக்கவாட்டில் இழுத்தது. ‘எல்’லில் நிற்கிற கோடு தடித்து, படுத்த கோடு பாதியாக மெலிந்திருக்கிறதே, அதுதான் சாட்சி. அதைக் கிழித்துப் போடு.

பெயரை மட்டும் விடாதே. ஏணி போட்டு, போர்டின் நடு உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்துப் படம் எடு. தரையிலிருந்து எடுத்தால் மேல்பக்கம் குறுகும். ஓரத்தில் இஞ்ச் டேப் ஒட்டி வை, அளவுக்கு. பிறகு ஒவ்வொரு எழுத்தையும் படத்தின் மேலேயே வரைந்து டிரேஸ் செய்யச் சொல். ஒரு ‘ம’வை வரைந்து மூன்று இடத்தில் ஒட்டினால் அடி விழும்.

விலாசத்துக்கு முக்தா மலர் என்ற தமிழ் ஃபான்ட் போதும். மும்பையின் ஃபான்ட் நிறுவனம் ஏக் டைப் செய்தது, இலவசம். அதன் தேவநாகரி ஜோடி முக்தா. மராத்தி வரிக்கு ஆகும். விளையாட்டில்லை கோமதி, மகாராஷ்டிரக் கடைகள் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு சின்னக் கடைக்கும் தேவநாகரியில் மராத்திப் பெயர் கட்டாயம். அது முதலில் வரவேண்டும், மற்ற மொழி எழுத்தைவிடச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. போர்டு அகலத்தை முடிவு செய்யும் முன் இதைக் கணக்கில் எடு.

எனக்கு வயிற்றைக் கலக்குவது பிரிண்டிங் கடைதான். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லை. தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத பழைய சாஃப்ட்வேரில் ‘மெஸ்’ஸை ஒட்டினால் ‘ம’வுக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு ‘ஸ்’ஸுக்கு முன் போய் உட்காரும், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, பத்தடி ஃப்ளெக்ஸும் அடித்துத் தந்துவிடுவார்கள். டிசைன் சாஃப்ட்வேரான கோரல்டிராவில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து கன்ட்ரோல்-க்யூ அழுத்தி, கர்வாக, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் மட்டும் அனுப்பு. அடிக்கும் முன் புரூஃப் கேள். அத்தையே ஒரு தரம் வாய்விட்டுப் படிக்கட்டும்.

டிரேஸ் முடிகிறவரை பழைய போர்டை பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் தூக்கிக் கொடுத்துவிடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும்.

உன்,
உமா