வெல் சொசைட்டிக்கு ஒரு மடல்: பாட் நெவினை நம் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்

ஸ்காட்லாந்தின் மதர்வெல் கால்பந்து கிளப்பின் ரசிகர் சங்கமான வெல் சொசைட்டியின் நிர்வாகக் குழுவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல மாதாமாதம் சந்தா கட்டுகிறவன்தான். மனசில் இருப்பது தமிழில்தான் எனக்கு முழுசாக வரும், அதனால் இப்படி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் சுருக்கிய ஒரு பிரதி உங்களுக்குத் தனியாக வந்து சேரும்.

விஷயம் ஒன்றுதான். அடுத்த உறுப்பினர் கூட்டத்துக்கு பாட் நெவினைக் கூப்பிடுங்கள். பழைய கோல்களைப் பற்றிப் பேச இல்லை, நம் கிளப் கடனில் மூழ்கிய 2002 ஏப்ரலைப் பற்றிப் பேச.

நெவின் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற தமிழ் வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கும். 1963இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஆள் சின்ன உருவம் என்று சிறுவர் அணியிலேயே ஒதுக்கப்பட்டவர். கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டே கிளைட் அணிக்கு ஆடினார். 1983இல் செல்சி 95,000 பவுண்டு கொடுத்து லண்டனுக்குக் கூட்டிப் போனது. வலது ஓரத்தில் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடுகிற விங்கர். அப்புறம் எவர்டன், டிரான்மியர், கில்மார்னாக், ஸ்காட்லாந்துக்காக 28 ஆட்டங்கள் என்று நீண்ட பயணம்.

என்னை அவர் பக்கம் இழுத்தது ஒரே ஒரு நாள். 1984 ஏப்ரல், கிறிஸ்டல் பேலஸ் மைதானம். செல்சியின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான பால் கனோவிலைச் சொந்த அணியின் ரசிகர்களிலேயே ஒரு கூட்டம் கேவலமாக ஏசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெற்றி கோலை அடித்தவர் நெவின். ஆட்டம் முடிந்து நிருபர்கள் கோலைப் பற்றிக் கேட்க வந்தபோது அதைப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சக வீரருக்கு நடந்ததைப் பற்றி மட்டுமே பேசினார். வயது இருபது. அணிக்கு வந்து ஒரு சீசன்கூட முடியவில்லை. சொந்த ரசிகர்களைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிற வயதும் இடமும்தான் அது, ஆனாலும் பேசினார்.

தொண்ணூறுகளில் இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அதற்குப் பிறகுதான் 1998இல் நம் மைதானமான ஃபர் பார்க்குக்கு வந்தார், ஆட்டக்காரராகவும் தலைமை நிர்வாகியாகவும் ஒரே சமயத்தில். இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் யாரோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறாரோ, அவருடைய சம்பள ஒப்பந்தம் மத்தியானம் மேசைமேல் இருக்கும். நேற்றுவரை சங்கத்தின் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசிய மனிதர் இன்று கிளப்பின் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். 2000இல் ஆட்டத்தை விட்டபிறகு முழுநேரமும் அந்த நாற்காலிதான்.

அப்போது உரிமையாளர் ஜான் பாயில். சுற்றுலாத் தொழிலில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து கிளப்பில் கொட்டினார். ஆண்டி கோரம், ஜான் ஸ்பென்சர் என்று பெரிய பெயர்கள் வந்தன, 1999-2000 சீசனில் நான்காம் இடம் கிடைத்தது. அப்புறம் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஸ்கை தொலைக்காட்சியின் தொகை போதாது என்று மறுத்துவிட்டுச் சொந்தச் சேனல் தொடங்கலாம் என்று ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக் கிளப்புகள் கணக்குப் போட்டன, அந்தத் திட்டத்தை லீக்கின் இரண்டு பெரிய கிளப்புகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் 2002 ஏப்ரலில் தடுத்துவிட்டன. வரும் என்று நம்பிய காசு வராது என்று ஆனது. அதே மாதம் ஒரு கோடி பவுண்டைத் தாண்டிய கடனோடு நம் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. அதாவது கடனைக் கட்ட முடியாமல் வெளி நிர்வாகி கையில் சாவியைக் கொடுத்தாயிற்று. பயிற்சியாளர் எரிக் பிளாக்கும் நெவினும் விலகினார்கள். 19 ஆட்டக்காரர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

பத்தொன்பது பேர். இரண்டு அணிக்குக் கொஞ்சம் குறைவு. அதே வருஷம் பக்கத்து ஊர் ஏர்ட்ரியோனியன்ஸ் கிளப் ஒரேயடியாக மூடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாம் எவ்வளவு விளிம்பில் நின்றோம் என்று புரியும். அடுத்த சீசனில் கடைசி இடத்தில் முடித்தும் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பினோம், கீழ் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே வர வேண்டிய ஃபால்கர்க் கிளப்பின் மைதானம் விதிக்குப் பொருந்தவில்லை என்பதால். அந்த வருஷங்களில் ஜேம்ஸ் மெக்ஃபேடன் மாதிரிப் பையன்கள்தான் கிளப்பைத் தோளில் சுமந்தார்கள்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிற பெரியவர் ரேவன்ஸ்கிரெய்க் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். 1992இல் ஆலை மூடியபோது வீட்டுக்கு வந்தவர். போன மாதம் இடைவேளையில், ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் கொஞ்சம் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே மெயின் ஸ்டாண்டின் ஓரத்தில் கூரையைத் தாண்டி மொட்டையாக நிற்கிற இரும்புச் சட்டத்தைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாததால் அறுபதுகளில் பாதியில் நின்றுபோன வேலை அது. "அது ஏன் அப்படி நிக்குதுன்னு இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2002ல உள்ளே என்ன பேசினாங்கன்னு மட்டும் எங்ககிட்ட யாரும் நேர்ல வந்து சொல்லலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

நெவின் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், பேட்டி கொடுத்திருக்கிறார் என்பீர்கள். சரி. ஆனால் அதெல்லாம் அவர் சொல்ல நாம் கேட்பது. நாம் கேட்டு அவர் பதில் சொல்வது வேறு. பெரிய சம்பளத்தில் ஆட்களை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் தலைமை நிர்வாகிக்கு இருந்ததா, சொன்னால் யார் கேட்டார்கள்? தொலைக்காட்சிக் காசு வரும் முன்பே எவ்வளவு செலவாகியிருந்தது? அந்த 19 பேருக்கு யார் செய்தி சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள்? தொழிற்சங்கத் தலைவராக இருந்த அவருக்கு அந்த வாரம் எப்படிப் போனது? குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சொல்லவில்லை. இருபது வயதில் வெற்றி கோலை ஒதுக்கிவிட்டு உண்மையைப் பேசியவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் திருப்ப மாட்டார் என்று நான் முழுசாக நம்புகிறேன். ஜான் பாயிலும் வர விரும்பினால் அவரையும் மரியாதையாக உட்கார வையுங்கள். தன் பங்குகளை விட்டுக்கொடுக்க 2011இல் அவர் முன்வந்த பிறகுதானே நம் சங்கமே பிறந்தது.

ஏன் இப்போது என்றால், 2016இலிருந்து கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு நம் சங்கத்தின் கையில். 2024 ஜூலையில் வெளியிலிருந்து வந்த முதலீட்டுத் திட்டத்தை வாக்களித்து மறுத்ததும் நாம்தான், நானும் மறுத்துத்தான் போட்டேன். அப்படியென்றால் இனிமேல் சம்பளக் கணக்கு இடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான், கைகாட்ட ஒரு பணக்காரர் இருக்க மாட்டார். நமக்கு வாக்குரிமை இருக்கிறது. ஆனால் ஒரு கிளப்பின் பணம் உள்ளேயிருந்து எப்படிக் கரைகிறது என்று நம்மில் பலர் பார்த்ததில்லை. உடை மாற்றும் அறையிலும் நிர்வாக அறையிலும் ஒரே சமயத்தில் இருந்து அதைப் பார்த்த மனிதர் ஒருவர் நம் கிளப்பிலேயே இருந்திருக்கிறார்.

கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள், ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் வர முடியாது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி வடிகட்ட வேண்டாம். பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு முட்டிவலி, அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அவரைக் காரில் அழைத்து வருவது என் பொறுப்பு.