பின்சாய்ந்த கருப்பை ஒரு நோயன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்கேன் அறிக்கையில் ‘ரெட்ரோவெர்ட்டட் யூட்ரஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தமக்கு இனிக் குழந்தையே பிறக்காது என்று முடிவுகட்டி அழுத பெண்களை, மகப்பேறு பிரிவில் செவிலியராக இருந்த காலத்தில் பலமுறை தேற்றியிருக்கிறேன். கருப்பை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதைத் தவிர அந்தச் சொற்களுக்கு வேறு பொருள் இல்லை. பெரும்பாலோருக்குக் கருப்பை சிறுநீர்ப்பையின் மேல் கவிந்தாற்போல முன்புறம் சாய்ந்திருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது முதுகெலும்பை நோக்கிச் சாய்ந்திருக்கும். சிறுநீர்ப்பை நிரம்பும்போது கருப்பை பின்னுக்குத் தள்ளப்படுவதால், ஒரே பெண்ணின் இரண்டு ஸ்கேன்களில் இருவேறு நிலைகள் பதிவாவதும் உண்டு.

விந்தணுக்கள் மேலேறிச் செல்ல இந்தச் சாய்வு தடையாவதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் முதுகுவலி, மலட்டுத்தன்மை என எல்லாவற்றுக்கும் இதன்மேல் பழிபோட்டு, கருப்பையை முன்னுக்கு இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைகளை மருத்துவர்களே பரவலாகச் செய்துவந்தார்கள். மருத்துவம் அதைக் கைவிட்டு நெடுங்காலமாகியும் அச்சம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறவியிலேயே சாய்ந்து, தாராளமாக அசையும் கருப்பை வேறு. எண்டோமெட்ரியோசிஸாலோ (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), இடுப்புக்குழி அழற்சியாலோ, முன்பு செய்த அறுவை சிகிச்சையாலோ உண்டான ஒட்டுத்திசுக்கள் பின்னுக்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கருப்பை வேறு. இரண்டாவதில் கருத்தரிப்பு தள்ளிப்போனால் காரணம் அந்த நோய்தானே தவிர, சாய்வன்று. மாதவிலக்கின்போது தாங்கமுடியாத வலி, உடலுறவின்போது ஆழத்தில் வலி, விலக்கு நாள்களில் மலம் கழிக்கையில் வலி என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணிடம், “கர்ப்பப்பை திரும்பியிருக்கிறது, அதனால்தான்” என்று கூறி அனுப்பிவிடுவது, ஒன்றுமில்லாததற்கு அஞ்சவைப்பதைவிடப் பெரிய தவறு என்பேன்.

கர்ப்பம் தரித்தபின் 12 முதல் 14 வாரங்களுக்குள் கருப்பை தானாகவே இடுப்புக்குழியை விட்டு மேலெழும்பிவிடும். மிக அரிதாக அது உள்ளேயே சிக்கிக்கொள்வதுண்டு. அதன் அறிகுறியாக நான்காம் மாத வாக்கில் சிறுநீர் கழிக்கமுடியாமல் போனால், மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பொருத்தும் முன்பும் கருப்பையின் நிலையைப் பரிசோதித்து அறிவது கட்டாயம். அறியாமல் செலுத்தினால் கருப்பைச் சுவரில் துளை விழக்கூடும்.

ஆகவே, ஸ்கேன் அறிக்கை எழுதுவோர் சாய்வைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடாமல், கருப்பை அசைகிறதா, ஒட்டியிருக்கிறதா என்பதையும் இயன்றவரை பார்த்து, அந்தப் பெண்ணுக்கே புரியும்படி தமிழில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்