குமரி மாவட்ட மெடிக்கல் கடைக்காரர்களுக்கு: அந்த மாத்திரையைக் கடையில் வையுங்கள்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும், கவுண்டரில் நிற்கிற தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே ஒரு மாத்திரையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., உறவுக்குப் பிறகு கர்ப்பம் உண்டாகாமல் இருக்கப் போடுகிற அவசரக் கருத்தடை மாத்திரை. பெயர் தெரிந்தவர்கள் ஐ-பில் என்றோ அன்வான்டட் 72 என்றோ கேட்பார்கள். தெரியாதவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று மெதுவாகக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அது இல்ல, இப்ப வாறதில்ல."

தடை இருக்கிறது என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். கிடையாது. 2005 முதல் இந்தியா முழுக்க இதை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம். சீட்டு கட்டாயம் வேண்டிய அசித்ரோமைசினைக் காய்ச்சல் என்று சொன்னவுடனே எடுத்து நீட்டுகிற கடைகள், சீட்டே தேவைப்படாத இதற்கு மட்டும் கையை விரிப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பயம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். கருக்கலைப்புக்குக் கொடுப்பது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றுக்குச் சீட்டு வேண்டும், கணக்கு வேண்டும், அதிகாரிகள் சோதனைக்கு வருவதும் அதற்காகத்தான். அந்தப் பயத்தில் இதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டீர்கள். லெவோனோர்ஜெஸ்ட்ரல் செய்வது வேறு வேலை. கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும், அல்லது தடுக்கும். கரு ஏற்கெனவே தங்கிவிட்டிருந்தால் இந்த மாத்திரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. உண்மையில் கலைப்பைக் குறைக்கிற மாத்திரை இது. இதைக் கொடுக்காமல் அனுப்பிய பெண்தான் ஆறு வாரம் கழித்துக் கலைப்புக்கு வழி தேடி அலைவாள்.

கேட்டு வருகிறவள் யார் என்று நினைக்கிறீர்கள்? தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில், சில நேரம் மாதத்துக்கும் மேல் கடலில் கிடந்துவிட்டுத்தான் கரை சேர்கிறார்கள். வளைகுடாவில் இருப்பவர் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்தால் பெரிய காரியம். அந்த வீடுகளில் இருக்கிற பெண் எதற்காகத் தினமும் மாலா-என் கருத்தடை மாத்திரை விழுங்கப் போகிறாள்? காப்பர்-டி போட்டுக்கோ என்றால், "அவரே ஊர்ல இல்ல, எனக்கு எதுக்கு? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்பார்கள். ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். மறுநாள் காலையில் உங்கள் கடை முன்னால் நிற்பது இரண்டு பிள்ளை பெற்ற, மூன்றாவது வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருத்தி. (கல்லூரிப் பிள்ளை வந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும். கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை.)

அரசுக் குடும்பநலத் திட்டத்திலும் இந்த மாத்திரை உண்டு. ஆனால் சனிக்கிழமை ராத்திரி துணை சுகாதார நிலையம் பூட்டித்தான் கிடக்கும். திறந்திருப்பது நீங்கள். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது கணக்கு. அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். திங்கட்கிழமை வரை காத்திரு என்பது பாதி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

விளவங்கோடு பக்கத்துப் பெண்களுக்காவது ஒரு வழி இருக்கிறது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் வாங்கிவிடலாம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே மாத்திரை. ஒரு செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் கிடைக்காது, அந்தப்பக்கம் கிடைக்கும்! ஆரல்வாய்மொழியிலோ குலசேகரத்திலோ இருக்கிறவள், மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவாள்?

பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு மருத்துவமனையில் இந்த மாத்திரை கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. மருத்துவமனைப் படி ஏறவே துணியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வருவதும் உங்களிடம்தான்.

ஒருதடவை போட்டால் பிறகு பிள்ளையே உண்டாகாது என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. பொய். குமட்டல், தலைவலி வரலாம். அந்த மாதம் தீட்டு முன்னே பின்னே ஆகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது. வழக்கமான கருத்தடைக்கு மாற்று இல்லைதான், அதையும் சொல்லியே கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிட்டாயினோ சாப்பிடுகிறவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது, டாக்டரிடம் அனுப்புங்கள். தீட்டு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 72 மணி நேரம் கடந்துவிட்டால், "நேரம் போச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டால் இந்த மாத்திரையைவிட நன்றாகவே தடுக்கும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ வழி சொல்லுங்கள்.

அதிகாரிகள் தொந்தரவு செய்வார்களோ என்ற பயம் இன்னும் இருந்தால், உங்கள் சங்கத்தின் பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விற்கலாமா கூடாதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பதில் வந்ததும் நகலை மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்தால் "கம்பெனியே அனுப்புறதில்ல" என்ற சாக்கும் போய்விடும்.

அதுவரை, உங்களிடம் இல்லையென்றால் எந்தக் கடையில் இருக்கிறது என்றாவது சொல்லி அனுப்புங்கள். சத்தமாக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
கல்குளம் வட்டம்