துப்பாக்கிக்காக மட்டும் படிப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குற்றக்கதைகள் பற்றிய கட்டுரை, ஹார்ட்பாயில்ட் என்கிற கரடுமுரடான அமெரிக்கக் குற்றக்கதை வகையைத் துப்பாக்கி, விஸ்கி, அடிதடி என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இந்த வகையை விரும்பிப் படிக்கிறவனுக்கு அது வருத்தமாக இருந்தது.

இந்த வகை எழுத்தாளர்களில் எனக்கு டாஷியல் ஹாம்மெட்தான் முதலில். அவர் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அந்த அனுபவம் எழுத்தில் தெரியும். 1930இல் நூலாக வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலில், துப்பறிகிற சாம் ஸ்பேடுக்கு, தன் கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்டதாக நள்ளிரவில் போன் வருகிறது. ஸ்பேட் அழுதானா, அதிர்ந்தானா என்று ஹாம்மெட் ஒரு வார்த்தை சொல்வதில்லை, அவன் நிதானமாக சிகரெட் சுருட்டுவதை மட்டும் அவ்வளவு விவரமாக எழுதுகிறார். மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டும். நாவல் முழுக்க இப்படித்தான். இதைவிடக் கறாரான எழுத்தை நான் படித்ததில்லை.

இதே வகையில் எழுதிய ரேமண்ட் சாண்ட்லரின் நடை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உவமைகள் அடுக்கடுக்காக வரும்போது எனக்குக் கதை நின்றுவிடுகிறது. அவருடையதில் 1953இல் வந்த 'தி லாங் குட்பை' மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன், அதில் கொலையைவிட ஒரு நட்பு முறிவதுதான் பெரிய விஷயம். ராஸ் மெக்டொனால்டும் அப்படித்தான். அவருடைய துப்பறிவாளன் லூ ஆர்ச்சர் அடிப்பதைவிட அதிகம் காது கொடுத்துக் கேட்கிறவன். இன்றைய கொலைக்கான காரணம் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் மூடி மறைத்த விஷயத்தில் கிடக்கும்.

மிக்கி ஸ்பிலேன் எனக்கு ஒத்துவரவில்லை. 1947இல் வந்த 'ஐ, தி ஜூரி'யில் துப்பறிகிறவனே நீதிபதி, அவனே தண்டனையும் கொடுக்கிறான், அதை நாம் கைதட்டி ரசிக்க வேண்டும் என்று கதை எதிர்பார்க்கிறது. என்னால் முடியவில்லை. அதே வருஷம்தான் டோரதி பி. ஹியூஸின் 'இன் எ லோன்லி பிளேஸ்' வந்தது. பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறவனின் மனசோடே கதை நகர்கிறது, ஆனால் கொலைகள் எதுவும் நம் கண்முன்னால் நடப்பதில்லை. அப்படியும் பயம் விடாது. பெண்கள்மேல் அவனுக்கிருக்கும் வெறுப்பு சாதாரணப் பேச்சிலேயே கசிவதை அந்த அம்மா எழுதியிருக்கும் விதத்துக்கு ஈடாக, அடிதடிக் கதைகளில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அடுத்த முறை இந்த வகையைப் பற்றி எழுதும்போது ஹியூஸுக்கும் மெக்டொனால்டுக்கும் தலா ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்